ஆட்டம் நிற்காமல் சர்வர் இடம் மாறியது எப்படி?

2005ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினரும் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் சோதனைகளில் ஒன்று உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். அது ஒரு வீடியோ கேம்! குவேக் 3 என்ற விளையாட்டை ஆறு பேர் வலையமைப்பு வழியாகச் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யார் எங்கே ஓடுகிறார், யார் சுட்டார், யார் மேல் பட்டது என்ற கணக்கெல்லாம் நடுவில் ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் மும்முரமாக இருக்கும்போதே அந்தச் சர்வரை ஓர் இயந்திரத்திலிருந்து வேறோர் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆட்டத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 'சற்றுப் பொறுங்கள்' என்று திரையில் எதுவும் வரவில்லை. சர்வர் வேலை செய்யாமல் நின்ற நேரம் மொத்தமே 60 மில்லிவினாடி. ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் அறுபது பங்கு. நாம் ஒரு தடவை கண்ணை இமைக்கவே 100 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சர்வர் மாறியது தெரியவே இல்லை.

எப்படிச் செய்தார்கள்? வலையமைப்பு வேகமாக இருந்ததால் என்று நினைத்தால், அது பாதி விடைகூட இல்லை. உண்மையான கெட்டிக்காரத்தனம் ஒரு சின்னப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். அவர்கள் மாற்றிய சர்வர் கையால் தூக்கி வைக்கிற பெட்டி இல்லை. அது ஒரு மெய்நிகர் கணினி. அதாவது, நிஜ இயந்திரம் ஒன்றுக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினி. ஒரே இயந்திரத்துக்குள் இப்படிப் பத்து, இருபது கணினிகள்கூட ஓடலாம். ஒவ்வொன்றும் தனக்கென்று பிராசஸர், நினைவகம், வட்டு எல்லாம் இருப்பதாகவே நடந்துகொள்ளும். இவற்றையெல்லாம் கட்டி மேய்க்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். கேம்பிரிட்ஜில் உருவான ஹைப்பர்வைசர் ஸென். லினக்ஸோடு சேர்ந்தே வரும் கேவிஎம் இன்னொன்று.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை எதற்காக இடம் மாற்ற வேண்டும்? நிஜ இயந்திரத்தின் மின்விசிறி பழுதாகலாம். கூடுதலாக நினைவகம் பொருத்த வேண்டியிருக்கலாம். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துவிட்டு இயந்திரத்தை அணைத்து மறுபடி துவக்க வேண்டியிருக்கலாம். உள்ளே இருபது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன, அவற்றை நம்பி எத்தனையோ பேர் படம் பார்க்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். இயந்திரத்தை அணைப்பதற்கு முன்னால் அத்தனையையும் பக்கத்து இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. விஎம்வேர் நிறுவனம் 2003லேயே விமோஷன் என்ற பெயரில் இந்த வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி படம் போட்டு, கேம்பிரிட்ஜ் கட்டுரை அளந்து காட்டியது. எனக்கு அதனாலேயே அது பிடிக்கும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம்.

வட்டைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. பழைய இயந்திரமும் புதிய இயந்திரமும் வலையமைப்பு வழியாக ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்தும்படி வைத்துவிடலாம். தலைவலி எல்லாம் நினைவகத்தில்தான். ஓடும் கணினி இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஏறக்குறைய முழுக்க நினைவகத்தில் இருக்கிறது. அது ஒரு பைட் விடாமல் போய்ச் சேர வேண்டும்.

நினைவகத்தைக் கணினி பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பக்கம் என்பது பொதுவாக 4,096 பைட், அதாவது 4 கேபி. குவேக் சர்வருக்கு இருந்த நினைவகம் 64 எம்பி. கணக்குப் போட்டால் 16,384 பக்கம். இன்றைய கணினிகளுக்கு 64 எம்பி ஒன்றுமே இல்லை. 4 ஜிபி நினைவகம் என்றால் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 பக்கம்.

சுலபமான வழி ஒன்று உண்டு. மெய்நிகர் கணினியை நிறுத்து, எல்லாப் பக்கங்களையும் அனுப்பு, அங்கே ஓடவிடு. தப்பே நடக்காது. ஆனால் வினாடிக்கு 1 ஜிகாபிட் போகும் வலையமைப்பில் 125 எம்பிக்கு மேல் ஒரு வினாடியில் அனுப்ப முடியாது. 4 ஜிபியை அனுப்ப ஏறக்குறைய 34 வினாடி ஆகும். 34 வினாடி சர்வர் பேசாமல் இருந்தால் ஆட்டமாவது, ஒன்றாவது!

அப்படியானால் கணினியை ஓடவிட்டுக்கொண்டே நகல் எடுக்க வேண்டும். இங்கேதான் வம்பு. நீங்கள் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பெஞ்சு நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அவனோ நோட்டைத் தர மாட்டேன், நான் எழுதிக்கொண்டே இருப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள் என்கிறான். நீங்கள் 12ஆம் பக்கம் எழுதும்போது அவன் 3ஆம் பக்கத்துக்குப் போய் ஒரு விடையை அழித்து மாற்றுகிறான். உங்கள் நோட்டில் 3ஆம் பக்கம் பழசாகிவிட்டது. அது பழசாகிவிட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது! கடைசிப் பக்கம்வரை எழுதி முடித்தாலும் இரண்டு நோட்டும் ஒன்றாக இருக்காது.

இதற்கு என்ன வழி? அவன் எந்தப் பக்கத்தில் கை வைத்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரு டிக் போட வேண்டும். நீங்கள் ஒரு சுற்று எழுதி முடித்ததும் சீட்டைப் பார்த்து டிக் விழுந்த பக்கங்களை மட்டும் மறுபடி எழுதுவீர்கள். அதற்குள் இன்னும் சில பக்கங்கள் மாறியிருக்கும். ஆனால் இந்தத் தடவை நீங்கள் எழுத வேண்டியது குறைவு, ஆகவே அவனுக்குக் கிடைத்த நேரமும் குறைவு. அடுத்த சுற்றில் இன்னும் குறைவு. கடைசியில் இரண்டு மூன்று பக்கம்தான் பாக்கி என்று ஆனதும், "டேய், ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வை" என்று சொல்லி அதையும் எழுதி முடித்துவிடலாம்.

கணினியிலும் இதே கதைதான். முன்கூட்டியே நகலெடுக்கும் இந்த யோசனை 1985லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வி-சிஸ்டம் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய மார்வின் தைமர், கீத் லான்ட்ஸ், டேவிட் செரிட்டன் ஆகியோர், ஓடும் நிரல்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இதைப் பயன்படுத்தினார்கள். முழு மெய்நிகர் கணினியையே இப்படி நகர்த்துவதை கேம்பிரிட்ஜ் குழு செய்து காட்டியது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 4 ஜிபி நினைவகம், வினாடிக்கு 125 எம்பி அனுப்பலாம், கணினியோ வினாடிக்கு 20 எம்பி அளவுக்குப் புதிய புதிய பக்கங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது என்று வைப்போம். முதல் சுற்றுக்கு 34 வினாடி. அதற்குள் 680 எம்பி மாறியிருக்கும். அதை அனுப்ப ஐந்தரை வினாடி, அதற்குள் 110 எம்பி மாறும். அதை அனுப்ப ஒரு வினாடிகூட ஆகாது, 18 எம்பி மாறும். பிறகு 3 எம்பி. இந்த 3 எம்பியை அனுப்ப 25 மில்லிவினாடி போதும். இங்கே கணினியை நிறுத்தினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

குவேக் சோதனையில் கடைசிச் சுற்றுக்கு மிச்சமிருந்தது வெறும் 148 கேபி. 16,384 பக்கங்களில் 37 பக்கம்! அதை அனுப்ப 20 மில்லிவினாடி, புதிய இயந்திரத்தில் துவக்கி வைக்க 40 மில்லிவினாடி. மொத்தம் 60.

சரி, டிக் போடுவது யார்?

நண்பன் நோட்டில் எழுதுவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். மெய்நிகர் கணினியோ ஒரு வினாடியில் கோடிக்கணக்கான முறை நினைவகத்தில் எழுதும். ஒவ்வொரு தடவையும் ஹைப்பர்வைசர் எட்டிப் பார்த்தால் கணினி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அதற்காகப் பார்க்காமலும் இருக்க முடியாது.

கேம்பிரிட்ஜ் குழு ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் பிராசஸர் பார்த்துக்கொள்ளும் ஓர் அட்டவணை உண்டு. அதில் 'இந்தப் பக்கத்தில் எழுதலாமா, படிக்க மட்டும்தானா' என்று சொல்லும் பிட் ஒன்று இருக்கிறது. சுற்று தொடங்கும்போது ஹைப்பர்வைசர் எல்லாப் பக்கங்களையும் 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடும். மெய்நிகர் கணினிக்கு இது தெரியாது, வழக்கம்போல ஒரு பக்கத்தில் எழுதப் போகும். பிராசஸர் தடுத்து ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். ஹைப்பர்வைசர் பட்டியலில் அந்தப் பக்கத்துக்கு ஒரு டிக் போடும், 'இனி இந்தப் பக்கத்தில் எழுதலாம்' என்று அனுமதி கொடுக்கும், போய்விடும். அதன் பிறகு அதே பக்கத்தில் ஆயிரம் தடவை எழுதினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஏன் தடுக்க வேண்டாம் என்று புரிகிறதா? ஒரு பக்கம் ஒரு தடவை மாறினாலும் ஆயிரம் தடவை மாறினாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த சுற்றில் மறுபடி அனுப்புவது. எத்தனை முறை மாறியது என்ற கணக்கு தேவையே இல்லை. மாறியதா, இல்லையா? அவ்வளவுதான். அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பிட் போதும். 0 என்றால் மாறவில்லை, 1 என்றால் மாறிவிட்டது.

குவேக் சர்வரின் 16,384 பக்கங்களுக்கு 16,384 பிட். எட்டால் வகுத்தால் 2,048 பைட். முழு நினைவகத்தின் மாற்றங்களையும் கண்காணிக்கும் பட்டியல், அந்த நினைவகத்தின் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது! 4 ஜிபிக்குக்கூட 128 கேபிதான், 32 பக்கம். இவ்வளவு பெரிய வேலைக்கு இவ்வளவு சின்னச் செலவா என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மாறிய பக்கத்தைப் பொறியாளர்கள் 'டர்ட்டி பேஜ்' என்கிறார்கள். பட்டியலின் பெயர் டர்ட்டி பிட்மேப்.

இப்போது ஒரு புதிர். ஹைப்பர்வைசர் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, டிக் விழுந்த பக்கத்தை நகலெடுத்து அனுப்புவது. இரண்டு, அந்த டிக்கை அழிப்பது. எதை முதலில் செய்ய வேண்டும்? மேலே படிக்காமல் கொஞ்சம் யோசியுங்கள்.

நம்மில் பலர் என்ன சொல்வோம்? வேலையை முடித்துவிட்டு டிக்கை அழிக்கலாம் என்போம். அதுதான் ஆபத்து. பக்கத்தை நகலெடுத்தாயிற்று, டிக்கை அழிக்கப் போகிறோம். அந்த இடைவெளியில் மெய்நிகர் கணினி அதே பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதிவிடுகிறது. டிக் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் விழவில்லை. நாம் டிக்கை அழித்துவிடுகிறோம். புதிய மாற்றம் போயே போச்சு! அங்கே பழைய பக்கம்தான் இருக்கும். ஆட்டத்தில் ஒருவருடைய மதிப்பெண் குறையலாம், அல்லது நிரல் முழுக்க முடங்கிப் போகலாம்.

ஆகவே முதலில் டிக்கை அழித்து, பக்கத்தை மறுபடி 'படிக்க மட்டும்' ஆக்கிவிட்டு, அப்புறம்தான் நகலெடுக்க வேண்டும். நடுவில் யாராவது எழுதினால் புது டிக் விழும். அந்தப் பக்கம் அடுத்த சுற்றில் இன்னொரு தடவை போகும். தேவையில்லாமல் இரண்டு முறை போனால் கொஞ்சம் நேரம் வீண், அவ்வளவுதான். ஒரு முறை போகாமல் விட்டால் எல்லாமே கெட்டது. ஹைப்பர்வைசர் எழுதுகிறவர்கள் இந்த வரிசையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனமாக இருப்பார்கள்.

தடுத்துப் பிடிக்கும் முறைக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் முறை எழுதும்போது பிராசஸர் மெய்நிகர் கணினியை விட்டு வெளியே வந்து ஹைப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். லட்சக்கணக்கான பக்கங்கள் என்றால் லட்சக்கணக்கான தடங்கல். பிராசஸர் தயாரிப்பாளர்கள் இதைக் கவனித்தார்கள். ஒரு பக்கம் மாறினால் அட்டவணையில் பிராசஸர் தானே ஒரு பிட்டை 1 ஆக்கிவிடும் வசதி சாதாரண நினைவகத்துக்கு முன்பே இருந்தது. அதை மெய்நிகர் கணினிகளின் அட்டவணைக்கும் கொண்டுவந்தார்கள். தடங்கல் போயிற்று. ஆனால் எந்தப் பக்கங்கள் மாறின என்று தெரிந்துகொள்ள லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் வேலைதான்.

பிறகு இன்டெல் இன்னும் அழகான ஒன்றைச் செய்தது. ஒரு பக்கம் மாறியதும் பிராசஸரே அதன் முகவரியை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். குறிப்பேட்டின் அளவு 4 கேபி, ஒரு முகவரிக்கு 8 பைட், ஆகவே 512 முகவரி கொள்ளும். எண்ணிக்கை 511இல் தொடங்கி 0 வரை கீழே இறங்கும். 512ம் நிரம்பிய பிறகுதான் பிராசஸர் ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். முன்பு 512 பக்கத்துக்கு 512 தடங்கல், இப்போது ஒன்றே ஒன்று. தேடிப் பார்க்கிற வேலையும் இல்லை, முகவரிகள் கையில் தயாராக இருக்கின்றன. 2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் கேவிஎம் இதைப் பயன்படுத்துகிறது.

நினைவகத்தில் எழுதுவது பிராசஸர் மட்டும்தானா? இல்லை! வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் பிராசஸரைக் கேட்காமல் நேரடியாகவே நினைவகத்தில் எழுதும். ஒரு செய்தி வந்து சேர்ந்தால் அட்டையே அதை ஒரு பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். பிராசஸர் பார்க்கும் அட்டவணையில் இதற்கு டிக் விழாது. மென்பொருளால் அமைத்த போலிச் சாதனம் என்றால், அதை நடத்தும் மென்பொருளே எழுதும்போது டிக் போட்டுவிடும். நிஜச் சாதனத்தை நேரடியாக மெய்நிகர் கணினியிடம் கொடுத்துவிட்டால்தான் பெரும்பாடு. சாதனமே கணக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் வேறொரு வன்பொருள் கொடுக்க வேண்டும். நெடுங்காலம் இப்படிப்பட்ட கணினிகளை ஓடும்போது நகர்த்த முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பக்கத்தின் அளவும் வம்பு செய்யும். வேகத்துக்காகச் சில கணினிகள் 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பெரிய பக்கங்களை வைத்துக்கொள்ளும். ஒரு பெரிய பக்கத்துக்குள் 512 சின்னப் பக்கம் அடங்கும். அதில் ஒரே ஒரு பைட் மாறினாலும் 2 எம்பி முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும்! அதனால் இடமாற்றம் நடக்கும்போது மட்டும் பெரிய பக்கங்களைச் சின்னதாக உடைத்துவிடுவார்கள்.

இவ்வளவு செய்தும் சில கணினிகள் அடங்காது. வினாடிக்கு 125 எம்பி அனுப்புகிறோம், அது 150 எம்பி மாற்றுகிறது என்றால் மிச்சம் குறையவே குறையாது. நல்ல வேளையாகப் பெரும்பாலான நிரல்கள் அப்படி இல்லை. அவை திரும்பத் திரும்ப ஒரு சில பக்கங்களில்தான் எழுதும், மற்றவற்றை எப்போதாவது தொடும். அந்த ஒரு சில பக்கங்களைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பயனில்லை, கடைசியில் நிறுத்திவிட்டு அனுப்புவதே மேல் என்பது கேம்பிரிட்ஜ் குழு அளந்து சொன்ன முடிவு. ஸென் மென்பொருளின் பழைய பதிப்புகளில் இதற்கு விதியே இருந்தது: பாக்கி 50 பக்கத்துக்குக் கீழே வந்தால் நிறுத்து, 29 சுற்று ஆனாலும் நிறுத்து.

கேவிஎம்மோடு சேர்ந்து இயங்கும் கியூஎமு மென்பொருளில் வேறொரு வைத்தியம் உண்டு. மாற்றங்கள் குறையாவிட்டால் மெய்நிகர் கணினியின் வேகத்தை முதலில் 20 சதவீதம் குறைக்கும். போதவில்லை என்றால் இன்னொரு 10, இன்னொரு 10. வேகம் குறைந்தால் எழுதுவதும் குறையும். உள்ளே இருப்பவர்களுக்கு 'என்ன, சர்வர் சுணங்குகிறது?' என்று தோன்றும், ஆனால் இணைப்பு அறுந்து போகாது. முதலில் கணினியை மாற்றிவிட்டு, பக்கங்களைப் பிறகு தேவைப்படத் தேவைப்பட வரவழைக்கும் முறையும் இருக்கிறது. அது தனிக் கதை, இன்னோர் இதழில் பார்ப்போம்.

எல்லாம் போய்ச் சேர்ந்ததும் புதிய இயந்திரம் வலையமைப்பில் ஓர் அறிவிப்பு செய்யும்: 'இந்த முகவரிக்கு வரும் செய்திகளை இனி என்னிடம் கொடுங்கள்.' கேம்பிரிட்ஜ் குழு குவேக் சர்வரை இரண்டு முறை இப்படி நகர்த்தி, விளையாடுவோருக்குச் செய்திகள் வந்து சேரும் இடைவெளியை அளந்து பார்த்தது. இரண்டு முறையும் 50 மில்லிவினாடி அளவுக்குத்தான் தாமதம்.

இனி உங்கள் முறை. நினைவகம் 8 ஜிபி, அதாவது 8,192 எம்பி. வினாடிக்கு 125 எம்பி அனுப்பலாம், வினாடிக்கு 25 எம்பி மாறுகிறது. பாக்கி 1 எம்பிக்குக் கீழே வர எத்தனை சுற்று அனுப்ப வேண்டும்? அந்தக் கணினிக்கு டிக் பட்டியல் எத்தனை கேபி? தாளில் போட்டுப் பாருங்கள். ஆறு சுற்று, 256 கேபி என்று வந்தால் சரி. வராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாக்கி ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று பார்த்து மறுபடி போடுங்கள்.